அரை லிட்டர் பாலும் ஒரு வாளி நல்ல தண்ணீரும்: வீட்டிலேயே பால் குளியல்

பாலக்கோட்டில் எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் உட்புறம் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். போர் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி, சுண்ணாம்பு பூசியதுபோல அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். ஆயா வருடத்துக்கு ஒருமுறை புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து எடுப்பார். பால் குளியலைப் பற்றிச் சொல்ல வந்தவள் அண்டாவில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அண்டாவில் படிந்த அதே உப்புத் தண்ணீரைத்தான் தினமும் நாம் மேலுக்கு ஊற்றிக்கொள்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தோல் வறண்டு, கையை நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது என்றால், பாதிக் காரணம் தண்ணீர். மீதிக் காரணம் அந்தத் தண்ணீரில் நாம் போடும் சோப்பு.

கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நுரை வராமல் தயிர்த் திப்பி மாதிரி ஒரு பிசுக்கு உண்டாகும். வாளி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் வளையமாக ஒட்டியிருப்பது அதுதான். தோலிலும் அது ஒட்டும். நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்ப்போம். தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை அதோடு போய்விடும். ஆகவே விலை உயர்ந்த பாலை வாங்கி, கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீரில் கலந்து, கடைசியில் சோப்பும் போட்டுக் குளித்தால் ஒரு பலனும் இருக்காது. நான் முதல் இரண்டு மூன்று முறை அப்படித்தான் செய்தேன், பால் வீணானதுதான் மிச்சம். தண்ணீரைச் சரிசெய்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

பால் தோலுக்கு என்ன செய்கிறது

பாலில் இருக்கும் கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் பரவி நிற்கிறது. மேலே ஊற்றும்போது அது தோல்மீது மெல்லிய படலமாகத் தங்கி, உள்ளே இருக்கும் ஈரம் சட்டென்று ஆவியாகாமல் பார்த்துக்கொள்கிறது. பாலின் புரதம் தோலுக்கு ஒரு வழுவழுப்பைத் தருகிறது. குளித்து முடித்ததும் கையைத் தடவிப் பார்த்தால் தெரியும் மென்மை பெரும்பாலும் இந்த இரண்டால் வருவது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, லாக்டிக் அமிலம். ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் 1780-ல் புளித்த பாலிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார். தோலின் மேல்பக்கம் இருக்கும் இறந்த செல்களின் பிடிப்பைத் தளர்த்தி மெதுவாக உதிரவைப்பது இதன் வேலை. ஆனால் இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கறந்த பாலிலோ பாக்கெட் பாலிலோ இந்த அமிலம் அனேகமாக இல்லை. பாலில் இருப்பது லாக்டோஸ் என்ற சர்க்கரை. உறை ஊற்றிப் புளிக்கவைத்தால்தான் நுண்ணுயிரிகள் அதை அமிலமாக மாற்றுகின்றன. எனவே மென்மை மட்டும் வேண்டும் என்றால் பால். முழங்கை, முழங்கால், குதிகால் மாதிரி சொரசொரப்பான இடங்களுக்குத் தயிர் அல்லது புளித்த மோர். இரண்டையும் ஒரே வாளியில் கொட்டக் கூடாது, பால் திரிந்து திப்பி திப்பியாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பால் குளியல் நிறத்தை மாற்றாது. கல்யாணத்துக்கு முன்னால் பத்து நாள் பாலில் குளித்தால் வெளுத்துவிடலாம் என்று பெண் பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். வறட்சி போனால் தோலில் ஒரு பளபளப்பு வரும், அவ்வளவுதான். நம் நிறம் நம் நிறம்தான், அதில் திருத்த வேண்டியது ஒன்றும் இல்லை.

முதலில் தண்ணீர்

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய பாட்டில் போதும். பாதி அளவு தண்ணீர் பிடித்து, சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு, மூடியைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மேலே கெட்டியாக நுரை எழும்பி, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்மையான தண்ணீர். நுரையே இல்லாமல் தண்ணீர் முழுக்கக் கலங்கினால் கடினத் தண்ணீர்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்த பிறகு பல ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. ஃப்ளோரைடு சிக்கலுக்காக ஜப்பான் நிதியுதவியோடு வந்த திட்டம் அது. ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பது குடிப்பதால்தான். தோல் வறட்சிக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது, அதற்குக் காரணம் கால்சியமும் மெக்னீசியமும். ஆனால் ஆற்றுத் தண்ணீர் நம் போர் தண்ணீரைவிடப் பெரும்பாலும் மென்மையானது. அதனால் உங்கள் தெருக் குழாயில் அது வந்தால், குடிக்கப் பிடித்ததுபோக ஒரு குடத்தைப் பால் குளியலுக்கு ஒதுக்குங்கள். மொத்தக் குளியலுக்கும் அது வேண்டாம், பாலைக் கலக்கவும் கடைசியில் அலசவும் இருந்தால் போதும்.

மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் சுத்தமான அண்டா வைத்துப் பிடித்ததை மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள், தூசெல்லாம் அதில் போய்விடும்.

இரண்டுமே இல்லையா? போர் தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, அப்படியே ஆறவிட்டு, அடியில் தங்கும் வெள்ளைப் பொடியைக் கலக்காமல் மேலாக மொண்டு எடுங்கள். கொதிக்கும்போது பைகார்பனேட்டாக இருக்கும் உப்பு சுண்ணாம்பாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். எங்கள் ஆயாவின் அண்டாவில் படிந்தது அப்படி இறங்கியதுதான். எல்லாக் கடினத்தன்மையும் இதனால் போகாது. சல்பேட், குளோரைடு வகை உப்புகள் கொதித்தாலும் அப்படியே இருக்கும். இருந்தாலும் தோலுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிலிருந்து கழிவாக வெளியே வரும் தண்ணீரைக் குளிக்கப் பிடித்து வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. உப்பெல்லாம் சேர்ந்து இருப்பது அதில்தான். பாத்ரூம் கழுவ அதைப் பயன்படுத்தலாம், மேலுக்கு வேண்டாம்.

எந்தப் பால்

பாக்கெட் பால் என்றால் உறையில் கொழுப்பு அளவு போட்டிருக்கும். சமன்படுத்திய பாலில் 3 சதவீதம், நிலைப்படுத்தியதில் 4.5, நிறை கொழுப்புப் பாலில் 6. நல்ல வறட்சி இருப்பவர்களுக்கு நிறை கொழுப்பு. முகத்திலும் முதுகிலும் பரு வருபவர்களுக்கு 3 சதவீதமே போதும். எருமைப் பால் கிடைத்தால் கொழுப்பு அதிகம், அரை லிட்டர் வேண்டிய இடத்தில் கால் லிட்டரே போதும்.

கறந்த பாலை அப்படியே ஊற்றுவதுதான் இயற்கை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு மாடு இருந்தது. காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றினோம். அதனால் இதைச் சொல்லத் தயக்கம் இல்லை: காய்ச்சாத பாலைத் தோலில் போடாதீர்கள். மாட்டுக்குப் புருசெல்லோசிஸ் நோய் இருந்தால் அந்தக் கிருமி பாலில் இருக்கும். கையில் சின்ன வெடிப்போ கீறலோ இருந்தால் அது வழியாக உள்ளே போய்விடும். ஒரு கொதி வரக் காய்ச்சி ஆறவைத்தால் பயம் இல்லை. பாக்கெட் பால் ஏற்கெனவே சூடாக்கிக் குளிரவைத்தது, பாக்கெட்டைப் பிரித்த உடனே பயன்படுத்தலாம்.

ஆட்டுப் பாலும் சரிதான். மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப் பால் இருக்கிறது. அரை மூடித் தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்த முதல் பால் ஒரு டம்ளர் போதும். கொழுப்பு மிகுதி என்பதால் குளித்த பிறகு எண்ணெய்கூடத் தேவைப்படாது.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது அம்மா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. “பாலைக் காசு குடுத்து வாங்கிக் குடிக்கறதே பெருசு, அதைக் கொண்டுபோய் மேலுக்கு ஊத்திக்கறியா?” நியாயமான கேள்வி. லிட்டர் லிட்டராகத் தொட்டியில் கொட்டுவது எனக்கும் சம்மதம் இல்லை. அதனால்தான் கீழே சொல்லும் முறையில் ஓர் ஆளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் ஆன பால், காபிக்குப் போட யோசிக்கிற பால், அதுவே போதும். வீச்சம் அடிக்காமல் இருந்தால் சரி.

வாளி முறை

நம் பக்கத்து வீடுகளில் குளியல் தொட்டி எத்தனை பேரிடம் இருக்கிறது? வாளியும் மக்கும்தான். அதனால் இந்த முறையைத்தான் விரிவாகச் சொல்கிறேன். பெரிய வாளி ஒன்று, சின்ன வாளி ஒன்று, மக், உட்கார மணையோ பிளாஸ்டிக் முக்காலியோ, பழைய வேட்டித் துணி இரண்டு துண்டு, துவட்ட மெல்லிய காட்டன் துண்டு. ஈரிழைத் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கதவுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஓட்ஸைத் தயார் செய்துகொள்ளுங்கள். சர்க்கரையோ மசாலாவோ சேர்க்காத சாதா ஓட்ஸ் மூன்று மேசைக்கரண்டி எடுத்து மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் போட்டுக் கலக்கினால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்க வேண்டும். அடியில் போய் மணலாக உட்கார்ந்தால் இன்னும் ஒரு சுற்று அரையுங்கள். அரைத்த மாவை ஒரு துணித் துண்டில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்ஸ் நம் ஊர்த் தானியம் இல்லைதான். கேழ்வரகு மாவை வைத்தும் செய்து பார்த்தேன், தோலில் சொரசொரத்தது. அரிப்பைத் தணிக்கிற குணமும் வழவழப்பும் ஓட்ஸில்தான் கிடைக்கிறது, இந்த ஒன்றை மட்டும் கடையில் வாங்கிவிடுங்கள்.

பெரிய வாளியில் வழக்கமான குளியல் தண்ணீர். சின்ன வாளியில் மூன்று லிட்டர் நல்ல தண்ணீர், அதாவது ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ காய்ச்சித் தெளியவைத்ததோ. இரண்டும் 37, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தெர்மாமீட்டர் தேவையில்லை. முழங்கையை விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தக் குளிரில் ஆவி பறக்கும் தண்ணீர்தான் சுகமாக இருக்கும். ஆனால் அந்தச் சூடுதான் தோலின் எண்ணெயை உருக்கி எடுத்துப்போகிறது. குளிர்கிறது என்றால் தண்ணீரைச் சூடாக்குவதைவிட, ஜன்னலைச் சாத்தி, முதலில் இரண்டு மக் வெந்நீரைத் தரையில் ஊற்றிப் பாத்ரூமைச் சூடாக்குங்கள்.

அரை லிட்டர் பாலை வெதுவெதுப்பாக்கிச் சின்ன வாளியில் ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூன் தேனை அந்தப் பாலிலேயே முன்கூட்டிக் கரைத்துவிட்டால் அடியில் ஒட்டாது. மிகவும் வறண்ட தோல் என்றால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயையும் பாலில் விட்டு, மூடிபோட்ட டப்பாவில் குலுக்கி ஊற்றுங்கள். நேராக வாளியில் விட்டால் மேலே மிதக்கும், முதல் மக்கிலேயே எல்லா எண்ணெயும் போய்விடும். ஓட்ஸ் முடிச்சை வாளிக்குள் போட்டு நாலைந்து முறை பிழியுங்கள். தண்ணீர் கொழகொழவென்று மாறும். அது போதும்.

இப்போது குளியல். பெரிய வாளித் தண்ணீரில் முதலில் அழுக்கும் வியர்வையும் போக உடம்பை அலசுங்கள். சோப்பு வேண்டும் என்றால் அக்குள், தொடை இடுக்கு, பாதம், இந்த இடங்களில் மட்டும். கைக்கும் காலுக்கும் முதுகுக்கும் இன்றைக்குச் சோப்பு வேண்டாம். வயலிலோ குவாரியிலோ வேலை செய்துவிட்டு வந்தவர்கள் பச்சைப்பயறு மாவைக் குழைத்துப் பூசி அலசலாம்.

அப்புறம் முக்காலியில் உட்கார்ந்து, இன்னொரு துணித் துண்டைப் பால் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் தோள்மீது போர்த்துங்கள். மேலே ஒரு மக் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் விட்டுத் துணியைக் கைக்கு மாற்றுங்கள். பிறகு முதுகு, தொடை, முழங்கால், கணுக்கால். துணி இல்லாமல் ஊற்றினால் பால் ஒரே நொடியில் வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். துணி அதைத் தோலோடு பிடித்து வைக்கிறது. மூன்று லிட்டரில் முழு உடம்பும் குளிப்பது இந்தத் துணியால்தான் முடிகிறது. ஓட்ஸ் முடிச்சை எடுத்து, சொரசொரப்பான இடங்களில் பஞ்சை ஒற்றுவதுபோல ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். மொத்தம் பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து. அதற்கு மேல் ஈரத்திலேயே இருந்தால் விரல் நுனி சுருங்குகிறதே, அதுபோல எல்லா இடமும் தளர்ந்து, காய்ந்தபின் முன்பைவிட வறளும்.

கடைசியாக வெறும் நல்ல தண்ணீர் இரண்டு மக். பாலை அலசாமல் விட்டால் மேலெல்லாம் பிசுபிசுக்கும், ஒரு மணி நேரத்தில் புளிச்ச வாடை வரும். அதிகம் அலசினால் கொழுப்புப் படலம் போய்விடும். இரண்டு மக் சரியான அளவு.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து உடம்பெல்லாம் தடவுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் மேலே செய்த எல்லாமே பாதிப் பலன்தான். பால் ஈரத்தைக் கொடுக்கும், எண்ணெய்தான் அதைப் பூட்டி வைக்கும். நல்லெண்ணெய் பழகியவர்கள் அதையே தடவலாம், ஆனால் வாடை துணியில் தங்கும்.

வாரம் ஒருமுறை போதும். மார்கழி, தை மாதங்களில் இரண்டு முறை செய்யலாம். சாயங்காலம் செய்வது நல்லது, அதற்குப் பிறகு வெயிலில் போக வேண்டியிருக்காது.

பெரிய தொட்டியோ, குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் டப்போ வைத்திருப்பவர்களுக்கு முறை இதேதான். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை லிட்டர் பால். ஏறும்போதும் இறங்கும்போதும் பாலும் எண்ணெயும் சேர்ந்து பயங்கரமாக வழுக்கும், பிடிமானம் இல்லாமல் இறங்காதீர்கள். எனக்கு வாளியே திருப்தி.

புளி உடைக்கிற கைகளுக்கு

மாசி, பங்குனியில் நம் இரண்டு மாவட்டத்திலும் வீட்டு வாசலில் புளி குவிந்துவிடும். ஓடு தட்டி, கொட்டை எடுத்து, நார் உரித்து, நாள் முழுக்கக் கை அந்தப் புளிப்பிலேயே இருக்கும். அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் கறுத்து, நகக்கண் வெடித்துப் போகும். முழுக் குளியலுக்கு நேரம் இல்லாதவர்களுக்கு இது.

அகலமான பேசினில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், ஒரு டம்ளர் பால், முன்னே சொன்ன ஓட்ஸ் முடிச்சு. கையை மணிக்கட்டு வரை பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். தயிர், எலுமிச்சை எதையும் இதில் சேர்க்காதீர்கள். வெடித்த இடத்தில் அமிலம் பட்டால் எரியும், ஏற்கெனவே புளி செய்த வேலையையே அதுவும் செய்யும். ஒற்றித் துடைத்து, தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகத் தடவி, பழைய காட்டன் கையுறையோ சாக்ஸோ கையில் மாட்டிக்கொண்டு படுத்துவிட வேண்டும். அம்மா முதல் நாள் சாக்ஸை மாட்ட ஒத்துக்கொள்ளவே இல்லை. நாலாம் நாள் தானாகக் கேட்டு வாங்கினார். புளி உடைக்கப் போகும் முன் காலையிலும் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை அவ்வளவு ஏறாது.

காலுக்கு முறை கொஞ்சம் வேறு. குதிகாலில் தோல் தடித்திருக்கும், அங்கே லாக்டிக் அமிலம் வேலை செய்யட்டும். ஆழமான வெடிப்போ ரத்தக் கசிவோ இல்லை என்றால், புளித்த தயிர் இரண்டு மேசைக்கரண்டியைக் குதிகாலில் பூசிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அப்புறம் பால் தண்ணீரில் காலை வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு உறைக்காமல் இருக்கலாம். அவர்கள் காலை ஊறவைக்கவே வேண்டாம், துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டும்.

பூவும் பொடியும்

ரோஜா இதழ் போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. மணத்துக்கும் மனசுக்கும் நல்லதுதான். ஆனால் ஒசூரில் ஏற்றுமதிக்கு வளர்க்கும் தாஜ்மகால் ரோஜா மாதிரியான பூக்கள் மாலைக்கும் பூங்கொத்துக்கும் உரியவை, பூச்சி மருந்து அடித்து வளர்ப்பவை. அவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு அதே தண்ணீரில் குளிக்க எனக்கு மனம் வராது. வீட்டுத் தொட்டியில் வளர்ந்த பன்னீர் ரோஜா இரண்டு இருந்தால் கழுவிப் போடுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது. காய்ந்த ஆவாரம்பூவை ஒரு கைப்பிடி கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரையும் கலக்கலாம். நம் பக்கத்துக் கரட்டில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும் பூ அது.

கஸ்தூரி மஞ்சள் விரும்புபவர்கள் ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். சமையல் மஞ்சள் துண்டிலும் நகத்திலும் கறையாகிவிடும்.

அடிக்கடி பால் காய்ச்ச முடியாதவர்கள் ஒரு பொடி செய்து வைத்துக்கொள்ளலாம். கொழுப்பு நீக்காத பால் பவுடர் ஒரு கப், ஓட்ஸ் மாவு அரை கப், நிழலில் காயவைத்துப் பொடித்த பன்னீர் ரோஜா இதழ் இரண்டு ஸ்பூன். எல்லாம் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமில்லாத பாட்டிலில் போட்டு இறுக மூடினால் இரண்டு மாதம் வரும். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப ஏற்றது. நாலு மேசைக்கரண்டிப் பொடியைத் துணி முடிச்சாகக் கட்டி மூன்று லிட்டர் தண்ணீரில் போட்டுப் பிழிய வேண்டும். கட்டி தட்டியிருந்தாலோ எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். பால் திரிவது ஒரு பக்கம், அதன் தோலில் உள்ள பொருள் பட்ட இடத்தில் வெயில் அடித்தால் கறுத்துக் கொப்பளிக்கும். சமையல் சோடா தண்ணீரை வழுவழுப்பாக்கும். ஆனால் தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, காரம் அதற்கு ஆகாது. எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். தண்ணீரில் இருந்து எதை எடுக்க இவ்வளவு பாடுபட்டோமோ அதையே திரும்பப் போடுவது அது. வாசனைக்காக விற்கும் எண்ணெய்களும் அப்படித்தான். ஒசூரில் ஓர் அழகு நிலையத்தில் என் தங்கைக்குப் பால் குளியல் என்று சொல்லி, நல்ல சூட்டில், ஏதோ வாசனைத் தைலத்தைக் கலந்து செய்தார்கள். இரண்டு நாள் கையெல்லாம் தடித்து அரித்தது. எதில் இருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், கலவையில் என்னென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு வேண்டாம்

பால் ஒவ்வாமை உள்ளவர்கள் எந்த விலங்குப் பாலையும் தோலில் படவிடக் கூடாது. பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு, பால் பட்டால் தடிப்பதும் மூச்சுத் திணறுவதும் வேறு. இரண்டாவது வகைக்காரர்களைச் சொல்கிறேன். தெரியவில்லை என்றால் கலவையை முழங்கையின் உட்புறம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடவி ஒரு நாள் பாருங்கள்.

கைக்குழந்தைக்குப் பாலாடை பூசிக் குளிப்பாட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. என் பிள்ளைக்கும் அத்தை அதைத்தான் செய்யச் சொன்னார். ஆனால் தோலில் கரப்பான் மாதிரிச் சிவந்து உரிந்திருக்கும் குழந்தைக்கு வேண்டாம். உடைந்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் பிற்பாடு அந்த உணவே ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்பு இருக்கிறது. அப்படி இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் சொறி, படர்தாமரை, ஆறாத புண் இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம். ஷேவ் செய்த, வேக்ஸிங் செய்த அன்றைக்கும் தயிர், மோர் வேண்டாம்.

குளித்து முடித்ததும்

ஓட்ஸ் முடிச்சை உடனே அவிழ்த்துச் செடிக்குப் போட்டுவிடுங்கள், மறுநாள் வரை வைத்தால் நாறும். சின்ன வாளியில் மிஞ்சிய பால் தண்ணீரை எடுத்து வைக்காதீர்கள். மூன்று மணி நேரத்தில் கெட்டுப் போகும் பொருள் அது. தென்னைக்கு ஊற்றலாம், ஆனால் தூரை ஒட்டி ஊற்றினால் எறும்பு கூடு கட்டும், தள்ளி ஊற்றுங்கள்.

பாத்ரூம் தரையில் ஒரு கை சீயக்காய்த் தூளைத் தூவி, சூடான தண்ணீர் விட்டுத் துடைப்பத்தால் தேய்த்து, சாக்கடைக் குழியில் அரை வாளி வெந்நீர் ஊற்றிவிடுங்கள். அடுத்ததாக அப்பாவோ தாத்தாவோ குளிக்கப் போகிறார் என்றால் இதைக் கட்டாயம் செய்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். துணித் துண்டுகளை அன்றைக்கே வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். பால் வாடை ஏறிவிட்டால் அப்புறம் எத்தனை முறை துவைத்தாலும் போகாது.